தவளைப் பாய்ச்சல்: புதுமைப்பித்தன் வாழ்வும் நடையும்

ஏலப்பாறையில் ஆனி பிறந்துவிட்டால் பகலும் மாலைபோல் மங்கிவிடும். தேயிலைச் சரிவின்மேல் மூடுபனி இறங்கும்பொழுது முதலில் தொலைவிலுள்ள குன்று மறையும். அதன்பின் தொழிற்சாலையின் கூரை மறையும். இறுதியில் லயத்தின் கடைசி வீடும் மறையும். இக்காட்சியை ஒரே அளவுடைய வாக்கியங்களால் எழுதிச் சென்றால், பனி இறங்கிற்று என்னும் செய்தி மட்டுமே படிப்பவரைச் சேரும். பனிக்குள் தனியே நிற்பவனின் நெஞ்சத் துடிப்புச் சேராது. அதனைச் சேர்ப்பதற்கு நல்ல சொற்கள் மட்டும் போதா. வாக்கியத்தின் நீளமும், சொற்களின் வரிசையும், நிறுத்தும் இடமும் சேர்ந்து உழைக்க வேண்டும். தமிழ் உரைநடையில் அவ்வுழைப்பை நன்கு அறிந்து செய்தவர் சொ. விருத்தாசலம். புதுமைப்பித்தன் என்னும் புனைபெயரால் அவரைத் தமிழுலகம் அறியும்.

அவர் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை, தாயார் பர்வதத்தம்மாள். குடும்பத்தின் சொந்த ஊர் திருநெல்வேலி. தந்தையார் அரசாங்கத்தின் நிலப்பதிவுத் துறையில் அலுவல் பார்த்தமையால், பணி மாறிய இடமெல்லாம் குடும்பமும் மாறியது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி எனச் சிறுவனின் பள்ளிகளும் மாறின. எட்டு வயதில் அவர் தாயை இழந்தார். தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது.

பிறந்த மண் ஒன்று, வேர் மற்றொன்று என்னும் நிலை மலைநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. வீட்டில் ஒரு பேச்சு, தெருவில் ஒரு பேச்சு, பள்ளியில் ஒரு பேச்சு என்று கேட்டு வளரும் பிள்ளையின் செவி கூர்மையடைகிறது. விருத்தாசலம் வடபுலத்துத் தமிழைக் கேட்டுப் பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, பின்னர்த் தாமிரபரணிக் கரையின் பேச்சுக்குள் நுழைந்தார். பிற்காலத்தில் அவருடைய மாந்தர் வாய் திறந்த அளவில் அவர்களுடைய ஊரும் தொழிலும் படிப்பவருக்குத் தெரிந்துவிடுவதற்கு அச்செவியே காரணம் எனலாம்.

நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஜூலையில் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாம்பாளை மணந்தார். மகன் அரசாங்க உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகனுக்கோ படிப்பதிலும் எழுதுவதிலும் அன்றி வேறெதிலும் நாட்டமில்லை. இருவருக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்தது. 1933இல் 'காந்தி' என்னும் இதழில் அவருடைய முதல் எழுத்து அச்சேறியது. அடுத்த ஆண்டு 'மணிக்கொடி' அவருடைய கதைகளை வெளியிடத் தொடங்கியது. ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோர் தொடங்கி, பின்னர் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே நடந்த இதழ் அது. எழுத்தையே பிழைப்பாகக் கொள்ளத் துணிந்து விருத்தாசலம் சென்னைக்குப் புறப்பட்டார்.

அக்காலத்தில் தமிழில் எழுதிப் பிழைத்தல் என்பது பெரும்பாலும் கடன் வாங்கிப் பிழைத்தலே. குடித்தனம் நடத்தப் பொருள் போதாதபோதெல்லாம் கமலாம்பாள் திருவனந்தபுரத்தில் பிறந்தகத்தில் இருந்தார். கணவர் சென்னையில் இருந்தார். இடையே கடிதங்கள் சென்றன. வாடகைக்கு வீடு பார்த்தது, வரவேண்டிய பணம் வராதது, உடம்பு, உணவு, ஏக்கம் ஆகிய யாவும் அக்கடிதங்களில் இருந்தன. உழைப்பவர் ஓரிடத்திலும் வீட்டார் ஓரிடத்திலுமாக வாழும் குடும்பங்கள் இக்கடிதங்களை வேறெவரினும் நன்கு புரிந்துகொள்ளும்.

அவருக்கு நிலையான சம்பளம் தந்தது 'தினமணி' நாளிதழ். டி.எஸ். சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்த அவ்விதழில் துணையாசிரியராகச் சேர்ந்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே வேலை, தந்தியில் வரும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது. தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் ஆதலால், செய்தி அனுப்புவோர் இணைப்புச் சொற்களை விட்டுவிடுவர். எஞ்சுவது எலும்புபோல் நிற்கும். அதனை எடுத்து, அச்சுக்குப் போகும் நேரத்திற்குள், படிப்போர் தடுமாறாத தமிழாக்கித் தர வேண்டும். இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் அம்மேசைமீது ஒவ்வொரு நாளும் ஊர்கள் விழுந்தன, கப்பல்கள் மூழ்கின. எந்தச் சொல்லை விட்டாலும் பொருள் நிற்கும், எந்தச் சொல்லை விட்டால் பொருள் சாயும் என்பதை இரவு தோறும் அளந்து பார்த்த கை அது. கதையாசிரியருக்கு இதனினும் நல்ல பயிற்சிக்கூடம் கிடைப்பது அரிது, சம்பளம்தான் குறைவு.

அவர் எழுத வந்த காலத்தில் தமிழ் உரைநடை பெரும்பாலும் இரு வழியில் நடந்தது. ஒன்று, புலவர்களின் நீண்ட நடை. ஒரு வாக்கியம் தொடங்கிய பக்கத்திலேயே முடியும் என்பதற்கு அதில் உறுதியில்லை. மற்றொன்று, இதழ்களின் எளிய நடை. அது தெளிவானது, ஆனால் அளவு மாறாமல் ஓடுவது. புதுமைப்பித்தன் மூன்றாவதொரு வழியைத் தேடினார். கருத்தின் வேகத்திற்கு முதன்மை தந்து, சொற்களை அதன்பின் ஓடவிட்டு, தாவித்தாவிச் செல்லும் நடையொன்றைத் தாம் அமைத்துக்கொண்டதாக அவரே பின்னாளில் விளக்கியுள்ளார். பிறர் அதனைத் தவளைப் பாய்ச்சல் என்றனர். இவ்வுவமை தமிழுக்குப் புதிதன்று. ஒரு சூத்திரம் அடுத்த சூத்திரத்தோடு எவ்வாறு தொடர்புறுகிறது என்பதற்கு நன்னூல் நான்கு உவமைகள் கூறுகிறது: ஆற்றின் ஒழுக்கு, சிங்கத்தின் முன்பின் நோக்கு, தவளையின் பாய்ச்சல், பருந்தின் வீழ்ச்சி. இலக்கண நூலுக்குச் சொன்ன அந்நான்கையும் கதையின் வாக்கியங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஆறுபோல் ஓடும் வாக்கியம் படிப்பவரை அமைதிப்படுத்தும். தவளைபோல் தாவும் வாக்கியம், இடையில் விட்டதைப் படிப்பவரே நிரப்பிக்கொள்ளுமாறு செய்யும். பருந்துபோல் விழும் வாக்கியம் ஒரே அடியில் முடிந்துவிடும்.

தமிழ் வாக்கியத்தின் இயல்பும் இதற்குத் துணை நிற்கிறது. தமிழில் வினைமுற்று பொதுவாக இறுதியில் வரும். நடந்தது இன்னதென்று அறியக் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டும். இடையில் வினையெச்சங்களை அடுக்க அடுக்க அக்காத்திருப்பு நீளும். மேலும், எழுவாயைச் சொல்லாமலே தமிழில் வாக்கியம் அமைக்கலாம். வினைமுற்றின் விகுதியே வந்தவர் யார் என்பதைக் காட்டிவிடும். கதவருகே நின்றான் என்றால் ஓர் ஆள். கதவருகே நின்றது என்றால்? விகுதி மட்டும் மாறிய அளவில் அறை குளிர்ந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக ஏலப்பாறைப் பாதையையே கொள்ளலாம். மாலை வந்தது. பனி இறங்கியது. சிறுமி நடந்தாள். ஓர் ஓசை கேட்டது. அவள் நின்றாள். இவ்வைந்து வாக்கியங்களும் பிழையற்றவை; ஆயினும் உயிரற்றவை. எல்லாம் ஒரே உயரத்தில் வெட்டிய தேயிலைத் தூர்கள்போல் நிற்கின்றன. அதே செய்தியை வேறு வகையிலும் எழுதலாம்:

கடையில் வாங்கிய சீனியைத் துணிப்பைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தேயிலைச் சரிவின் ஓரமாகச் செல்லும் ஒற்றையடிப் பாதையில், எடுத்து வைக்கும் காலைத் தவிர வேறொன்றும் தெரியாத பனிக்குள், அடுத்த வளைவில் லயத்தின் விளக்குத் தென்பட்டுவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிறுமி நடந்தாள். விளக்குத் தென்படவில்லை. தூர் அசைந்தது. காற்றில்லை.

முதல் வாக்கியம் பாதையைப் போலவே நீள்கிறது. சிறுமியின் பெயர்ச்சொல்லும் வினைமுற்றும் முடிவில்தான் வருகின்றன. அதன்பின் வரும் மூன்றும் குறுகிக்கொண்டே போகின்றன. கடைசி வாக்கியம் அச்சம் என்ற சொல்லைச் சொல்லவில்லை; அசைத்தது காற்றன்று என்பதைப் படிப்பவரே முடிவுகட்டுமாறு விட்டுவிடுகிறது. நீண்ட வாக்கியம் முன்னால் இல்லாவிடில் இச்சிறு வாக்கியங்களுக்கு வலிமையில்லை. பத்தி முழுவதும் சிறு வாக்கியங்களாகவே எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். உரக்கப் படித்து, மூச்சு எங்கே நிற்கிறது என்று கவனித்தால் வேறுபாடு விளங்கும்.

இத்தகைய அளவு மாற்றத்தைப் புதுமைப்பித்தன் எப்படிக் கையாண்டார் என்பதை அவருடைய 'மனித யந்திரம்' நன்கு காட்டும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு கடையின் கணக்குப்பிள்ளை. ஆண்டுக்கணக்கில் ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே வகைப் பற்றையும் வரவையும் எழுதி, இயந்திரமாகிவிட்டவர். ஒருநாள் இரவு கடைப்பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிடத் துணிகிறார். புகைவண்டி நிலையம் வரை செல்கிறார். வண்டியில் ஏறியும் அமர்கிறார். வண்டி புறப்பட வேண்டும். அவ்வளவுதான். கொலையில்லை, துரத்தலில்லை, ஓர் ஏழைக் கணக்குப்பிள்ளை வண்டியில் அமர்ந்திருக்கிறார். ஆயினும் படிப்பவருக்கு மூச்சு முட்டுகிறது. அவருடைய மனம் ஓடும்போது வாக்கியமும் ஓடுகிறது. பழக்கம் அவரைப் பிடித்து இழுக்கும்போது வாக்கியமும் கணக்கேட்டின் வரிபோல் சுருங்கிவிடுகிறது. இறுதியில் அவர் இறங்கித் திரும்பி வந்து, பணத்தை இருந்த இடத்தில் வைத்து, செலவான சில்லறையைத் தம் பெயரில் பற்றெழுதி விடுகிறார். கதையின் முடிவும் ஒரு கணக்குப் பதிவாகவே அமைகிறது.

1935இல் 'மணிக்கொடி'யில் வந்த 'துன்பக்கேணி' தேயிலைத் தோட்டத்தைத் தமிழ்க் கதைக்குள் கொண்டுவந்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று. நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றில் வாழும் வெள்ளையன், மருதி என்னும் ஒடுக்கப்பட்ட குடும்பத்தாரின் வாழ்வு சிதைவதும், மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போய்ச் சேர்வதும் கதை. கங்காணி ஆள் சேர்த்த முறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பீருமேட்டு மலைத் தோட்டங்களுக்கும் கம்பம் வழியாக ஏறிவந்தவர்கள் அவ்வாறே கங்காணிமாரால் சேர்க்கப்பட்டவர்கள். ஆதலால் ஏலப்பாறையில் இக்கதையைப் படிப்போருக்கு அது கடல்கடந்த கதையாகத் தோன்றாது. பாட்டி சொல்லாமல் விட்ட பகுதியாகத் தோன்றக்கூடும். இக்கதையில் அவர் அழுதும் அரற்றியும் எழுதவில்லை. மிகக் கொடிய நிகழ்ச்சிகளை மிகக் குறைந்த சொற்களில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். மலையின் அழகை விரித்தெழுதும் வாக்கியத்தை அடுத்தே, அம்மலையில் மனிதர் படும் பாட்டை ஒரு சிறு வாக்கியத்தில் வைக்கிறார். இரண்டிற்கும் இடையேயுள்ள அந்தப் பாய்ச்சலில்தான் சினம் இருக்கிறது.

அச்சத்தை எழுதுவதில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. மேரி ஷெல்லி எழுதிய புகழ்பெற்ற 'பிராங்கன்ஸ்டைன்' நாவலை அவர் 'பிரேத மனிதன்' என்று தமிழாக்கினார். 1943இல் 'கலைமகள்' இதழில் அவருடைய 'காஞ்சனை' வெளிவந்தது. தமிழில் பேயச்சத்தை எழுதிய கதைகளைக் கணக்கெடுப்போர் இன்றும் இதிலிருந்தே தொடங்குகின்றனர்.

அக்கதையைச் சொல்பவன் ஓர் எழுத்தாளன். பேய் பிசாசில் நம்பிக்கையற்றவன். கணவனும் மனைவியும் பகலில் பேசிக்கொள்வது கேலியும் கிண்டலுமாக, வீட்டு முற்றத்தில் வெயில் அடிப்பதுபோல் இருக்கும். மனைவி, பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை இரங்கி வீட்டில் வேலைக்கு அமர்த்திக்கொள்கிறாள். அவள் பெயர் காஞ்சனை. அவள் வருகைக்கு முன்னும் பின்னும் நள்ளிரவில் எங்கிருந்து வருகின்றன என்று அறிய முடியாத மணங்கள் வீட்டுக்குள் வீசுகின்றன. கதை சொல்பவன் எல்லாவற்றிற்கும் காரணம் கண்டுபிடிக்க முயல்கிறான். அவன் காரணம் தேடும் வாக்கியங்கள் நீண்டவை. ஒன்றை ஐயுற்று மற்றொன்றைத் தேற்றிச் செல்லும் கலவை வாக்கியங்கள். பிறகு கண்ணெதிரே ஏதோ ஒன்று நிகழ்கிறது. அப்பொழுது காரணம் தேடும் வாக்கியம் அறுந்துவிடுகிறது. கண்டது மட்டும் சிறுசிறு துண்டுகளாக நிற்கிறது. அறிவு பேசும்போது நீளம். அச்சம் பேசும்போது குறுக்கம். இந்த இரண்டும் மாறிமாறி வருவதே கதையின் முதுகெலும்பு. அறிவு வென்றதா அச்சம் வென்றதா என்பதை ஆசிரியர் கடைசி வரை தீர்த்துச் சொல்லவில்லை. தீர்த்திருந்தால் கதை ஒருமுறை படிப்பதோடு முடிந்திருக்கும்.

இருட்டும் பேயும் இல்லாமலும் படிப்பவரைக் கட்டிப்போட முடியும் என்பதற்குச் சான்று 'செல்லம்மாள்'. சென்னையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி செல்லம்மாள் இறந்துவிட்டாள் என்பதைக் கதை தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. முடிவை முதலில் சொன்ன பின்பு எதற்காகக் காத்திருப்பது? ஆயினும் படிப்பவர் காத்திருக்கிறார். நோயாளியின் பக்கத்தில் கழியும் இரவின் நடையே வாக்கியத்தின் நடையாக இருக்கிறது. அடுப்பு மூட்டுதல், வெந்நீர் வைத்தல், மருந்து கொடுத்தல் எனச் சிறு வேலைகள் நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன. அந்த நிதானத்தைப் படிக்கும்போது, எந்த வேலையின் நடுவில் அந்த மூச்சு நிற்கப்போகிறதோ என்னும் நடுக்கம் வளர்கிறது. விரைந்த நடையால் மட்டுமே பதற்றம் பிறக்கும் என்று எண்ணுவது தவறு. மெல்ல நடந்தும் பதறவைக்கலாம், அது கடினமானது.

எப்போதும் நடுங்க வைப்பது அவர் நோக்கமன்று. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் கதையில், சென்னையின் சந்தியொன்றில் நின்று, கையிலுள்ள சில்லறைக்குக் காப்பி குடிப்பதா வேறு செலவு செய்வதா என்று ஒருவர் யோசிப்பதை, மாபெரும் அரசியல் நெருக்கடியைப் பற்றி எழுதுவதுபோல் பெருமிதமான வாக்கியங்களால் எழுதியுள்ளார். அற்பச் செய்திக்குப் பெரிய வாக்கியம் தைத்துப் போட்டால் சிரிப்பு வரும். அகலிகை கதையைப் புதிதாகச் சொன்ன 'சாப விமோசனம்' இவற்றிற்கெல்லாம் மாறாக, கல்லில் செதுக்கியதுபோன்ற நடையில் அமைந்தது. ஒரே ஆண்டில், ஒரே இதழில், ஒரே கையால் இத்தனை நடைகள் வந்தன.

இந்நடையை எல்லாரும் வரவேற்கவில்லை. புரியவில்லை என்றனர் சிலர். கசப்பு மிகுதி என்றனர் வேறு சிலர். கதைகளைக் கொண்டு உலகத்தைத் திருத்தும் எண்ணம் தமக்கில்லை என்று அவரே தம் தொகுப்பின் முன்னுரையில் அறிவித்துவிட்டார். அக்காலத்தில் வாசகரைப் பெருந்திரளாகக் கவர்ந்தவர் கல்கி. கல்கியின் தொடர்கதைகளில் அத்தியாயம் முடியும் இடத்தில் ஆபத்து நிற்கும். அடுத்த வாரம் வரை வாசகர் காத்திருப்பர். புதுமைப்பித்தனின் கதைகளில் ஆபத்து வாக்கியம் முடியும் இடத்தில் நிற்கும். காத்திருப்பு ஒரு நொடிதான். இருவருக்கும் இடையே தழுவல், மொழிபெயர்ப்பு பற்றிக் கடுமையான கருத்துப்போரும் நடந்தது. வாரக்கணக்கில் காத்திருக்கச் செய்வதும் ஒரு கலையே. ஆனால் ஒரு பத்தியை எழுதப் பழகும் மாணவர்க்கு நெருங்கிய ஆசான் புதுமைப்பித்தனே.

1943இல் டி.எஸ். சொக்கலிங்கம் தினமணியை விட்டு விலகியபோது புதுமைப்பித்தனும் விலகினார். பின்னர்ச் சொக்கலிங்கம் தொடங்கிய 'தினசரி'யில் சில காலம் இருந்தார். அதையும் விட்டுத் திரைப்படத் துறைக்குச் சென்றார். தாயின் பெயர் விளங்கப் 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்று ஒரு நிறுவனம் தொடங்கிப் படமெடுக்க முயன்றார். படம் எழவில்லை, கடன் எழுந்தது. 1946இல் மகள் தினகரி பிறந்தாள். எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ராஜமுக்தி' படத்திற்கு உரையாடல் எழுதும் பணி கிடைத்தது. படப்பிடிப்பு புனேயில். வீட்டையும் கைக்குழந்தையையும் விட்டு மீண்டும் ஒருமுறை வெளியூர் போனார். மீண்டும் கடிதங்கள்.

புனேயில் அவரைக் காசநோய் முற்றாகப் பற்றிக்கொண்டது. காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து 1943இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் அன்று அது இந்தியாவில் எளிதில் கிடைப்பதாகவோ, ஓர் எழுத்தாளர் வாங்கும் விலையிலோ இல்லை. 1948 மே மாதம் அவர் திருவனந்தபுரத்தில் மனைவியின் ஊருக்கு வந்து சேர்ந்தார். ஏலப்பாறையும் பீருமேடும் அப்பொழுது திருவிதாங்கூருக்குள் இருந்தன. திருவனந்தபுரமே அதன் தலைநகர். மலையில் தேயிலை பறித்த தமிழரும், கடற்கரை நகரில் நோயுடன் படுத்திருந்த அத்தமிழ் எழுத்தாளரும் அந்த மழைக்காலத்தில் ஒரே நாட்டில் இருந்தனர். நண்பர்கள் உதவிக்கு முயன்றனர். 1948 ஜூன் 30ஆம் நாள் அவர் காலமானார். வயது 42.

எழுதத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் பதினைந்து ஆண்டுகள்தாம். அதற்குள் ஏறத்தாழ நூறு சிறுகதைகளும், பல மொழிபெயர்ப்புகளும், கட்டுரைகளும், வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரில் கவிதைகளும் எழுதியிருந்தார். அவருடைய குடும்பத்திற்கென வாசகர்களிடம் நிதி திரட்டப்பட்டது. அம்முயற்சிக்குத் துணைநின்றவர்களுள் கல்கியும் ஒருவர். நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் 1951இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 2002இல் தமிழ்நாட்டரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. அதனால் இன்று எவரும் அவற்றை அச்சிடலாம். எந்தப் பள்ளி நூலகமும் குறைந்த விலைக்கு வாங்கி வைக்கலாம்.

கமலாம்பாளும் எழுத்தாளரே. கமலா விருத்தாசலம் என்ற பெயரில் அவர் எழுதிய கதைகள் நூலாக வந்துள்ளன. கணவர் எழுதிய கடிதங்களை அவர் பாதுகாத்து வைத்திருந்தார். பிற்காலத்தில் அவை 'கண்மணி கமலாவுக்கு' என்னும் தலைப்பில் வெளியாயின. கதைகளில் அளந்து எழுதிய கை, அக்கடிதங்களில் அளக்காமல் எழுதியிருக்கிறது. செலவுக் கணக்கும், உடல்நிலையும், வருகிறேன் என்ற வாக்குறுதியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. சில இடங்களில் வாக்கியம் பாதியில் நின்று, அடுத்த செய்திக்குத் தாவிவிடுகிறது.